நிற்காத கியர்

சரிவில் வேதாசலம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பஸ்ஸின் கியர் கம்பி ஓர் உதறு உதறி நியூட்ரலுக்குத் துள்ளும்; அப்புறம் இன்ஜினின் பிடி இருக்காது. மூன்றாவது கியரின் பற்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன என்று மிஸ்திரி கழற்றியே காட்டிவிட்டார். மாற்றுவதற்குப் புதுசு பம்பாயிலிருந்து வரவேண்டும். அந்த நாற்பத்தெட்டாம் வருஷக் கோடையில் எல்லையை அடைத்துவிட்டதால், இந்தியாவோடு சேராமல் நின்ற சமஸ்தானத்துக்குள் எந்தச் சாமானும் வரவில்லை. "பிடித்துக்கொண்டு ஓட்டு" என்றார் முதலாளி.

மல்காஜ்கிரி சரிவில் ஸ்டியரிங்குக்கே இரண்டு கையும் போதாது. ஆகவே சரிவு வந்ததும் கண்டக்டர் அப்துல் ரஹீம் டிக்கெட் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் குந்தி, கம்பியை இரண்டு கையாலும் அழுத்திக்கொள்வான். "பகடா?" என்பார் வேதாசலம். "ஹவ்" என்பான் ரஹீம். பிடித்தாயா என்று உருதுவில் ஒரு கேள்வி, ஆமாம் என்று ஒரு பதில். ஊரில் கலவரம் வந்ததும் மனைவி அன்னக்கிளி பெண்ணைக் கூட்டிக்கொண்டு அரக்கோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனபிறகு அவர் வாய்திறந்து பேசியதெல்லாம் அநேகமாக இவ்வளவுதான். கலவரம் அடங்கட்டும், அழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார். வேலையை விட்டுப் போனால் வேறொருவன் ஏறி உட்கார்ந்துவிடுவான். இரவில் சோறு வடிக்கும்போது அடுப்பிடமாவது ஏதாவது சொல்லலாமா என்று தோன்றும்.

ஒருநாள் ரஹீம் வரவில்லை. அக்கா குடும்பத்தோடு ஔரங்காபாத் போய்விட்டான் என்றார்கள். முந்தின நாள் வேலை முடிந்து இறங்கும்போது ரஹீம் அவர் தோளில் கைவைத்து நின்றது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. மாற்று ஆள் கிடைக்காமல் அவரே டிக்கெட்டும் கிழித்து வண்டியை எடுத்தார்.

சரிவில் முழங்காலால் கம்பியை முட்டுக்கொடுத்துப் பார்த்தார். பாதி இறங்குவதற்குள் துள்ளிவிட்டது. வண்டி அவிழ்த்துவிட்ட மாடுபோல ஓடத் தொடங்கியது. கீழே வைக்கோல் வண்டி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு போனது. பிரேக்கை மிதிக்க மிதிக்கக் கருகல் வாசனைதான் வந்தது. கிளட்சை மிதித்து, இன்ஜினை உறுமவிட்டு, கம்பியைத் தள்ளினார். கரகரவென்று அரைத்து உள்ளே விழுந்தது. ஆனால் கையை எடுத்தால் மறுபடி துள்ளும்; எடுக்காவிட்டால் வண்டியை ஒடித்துத் திருப்ப முடியாது.

"ஐயோ, யாராச்சும் வந்து புடிங்களேன்!" தன்னையறியாமல் தமிழில் கத்தினார்.

முன்சீட்டில் இருந்த ஒரு பெண் பாய்ந்து வந்து மண்டியிட்டு, கம்பியை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். வேதாசலம் இரண்டு கையாலும் ஒடித்தார். வைக்கோல் ஜன்னல்களை உரசிக்கொண்டு போனது. சமதரைக்கு வந்து வண்டி நின்றது.

அவள் கம்பியை விடாமலே கேட்டாள். "நீங்க தமிழா?"

"ஆமாம்மா. ஆரணிப் பக்கம்."

"ரெண்டு வருஷமா இந்த பஸ்லதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன். இந்த ஊர்க்காரருன்னே நெனச்சுட்டேன்." தன் பெயர் லூர்துமேரி என்றாள். பிறகு, "வீட்டுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"எங்க வீட்லயும் போயிட்டாங்க."

அவள் கம்பியை விட்டு உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். கிரீஸ் அப்பியிருந்தது. வேதாசலம் சீட்டுக்கடியிலிருந்து தகர டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினார். ரேடியேட்டருக்கென்று வைத்திருந்த தண்ணீர். அவள் சாலையோரம் குனிந்து கைகளை நீட்ட, அவர் மெல்லச் சரித்து ஊற்றினார். பஸ்ஸுக்குள்ளிருந்து யார்யாரோ நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். "போதும்ங்க" என்றாள் அவள். அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கறுப்புத் தண்ணீர் வெளுத்து, தெளிந்து, அவள் விரல்களிலிருந்து புழுதியில் சொட்டியது.