தொரிபியோவின் ஆண்டு ஜெபம்

தனக்காகச் சொல்லப்பட்ட ஒன்பது நாள் சாவு ஜெபம் முடிந்த மறுநாள், காலை பத்து மணிக்கு, தொரிபியோ தன் கோவேறு கழுதையை நடத்திக்கொண்டு எங்கள் மலையூரான ஓயா ஃபிரியாவுக்குள் வந்தான். கழுதைக்கு நிழல் விழுந்தது. அவனுக்கு விழவில்லை.

சூறாவளி மழையில் ஆறு அவன் தொப்பியை மட்டும் பாலத்தடியில் கொண்டுவந்து போட்டிருந்தது. அதை வைத்துத்தான் ஊர் அவனைச் செத்தவனாக்கியது. அவனோ அக்கரையில் ஒரு காபிக் கொட்டகையில் கால் சுளுக்கிப் படுத்திருந்தான். தப்பு யாருடையது என்று கேட்டால், நிக்காசியாவின் கெட்டிக்காரத்தனத்துடையது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் சாவு ஜெபம் சொல்பவள் அவள். முப்பது ஆண்டுகளில் அவள் வழியனுப்பிய ஓர் ஆன்மாகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒன்பதாம் நாள் வெள்ளைத் துணி விரித்த பீடத்தைப் பிரித்து, வீட்டைக் கூட்டி, குப்பையை வாசல் வழியே தள்ளினாள். போக வேண்டியது போய்விட்டது. உடம்பு மட்டும் மறுநாள் வந்து சேர்ந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலே அனுப்பிவெச்சிட்டீங்களா? சரி, வந்தவங்களுக்குக் காபியாவது ஒழுங்காக் குடுத்தீங்களா?" என்றான். அவன் மனைவி லியோகாதியா அழுதுகொண்டே அவன் முதுகில் நான்கு அடி வைத்தாள். அடி சத்தமாக விழுந்ததால் அவன் பேயில்லை என்று முடிவானது.

அவன் சாப்பிட்டான், குறட்டை விட்டான், சீட்டாட்டத்தில் ஏமாற்றினான். ஆனால் மழை அவனை நனைக்கவில்லை. காபி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றால் முள் அசையவில்லை. பிள்ளைகள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு மறந்தார்கள். பெரியவர்களுக்கு வேறு கவலை வந்தது. அந்த ஆண்டு மலை முழுக்கக் காபி பூத்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ஜெபம் பாதியில் நிற்பதால்தான் இப்படி, ஆண்டு நிறைவு ஜெபத்தையும் சொல்லிவிட்டால் அவன் முழுசாகப் போய்விடுவான், மலையும் காய்க்கும் என்று பேச்சு கிளம்பியது.

லியோகாதியா ஓடிப்போய் நிக்காசியாவின் காலைப் பிடித்தாள். "சொன்னதத் திருப்பி வாங்கிக்கக்கா!"

"அனுப்பத்தான்டி எனக்குத் தெரியும். கூப்பிடத் தெரியாது," என்றாள் நிக்காசியா. அவள் கெட்டவள் அல்ல. அவளுக்கும் ஆறு பேரப்பிள்ளைகள், அவர்களுக்கும் காபியை விட்டால் வேறு பிழைப்பில்லை.

எங்கள் ஊரில் சாவு ஜெபத்துக்கு யாரையும் அழைப்பதில்லை; வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. ஆண்டு நிறைந்த நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தொண்ணூறு பேர் துவைத்த உடுப்போடு லியோகாதியாவின் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெறும் வாயோடு அனுப்பினால் அசிங்கம் என்று அவளும் இஞ்சித் தண்ணி கொதிக்கவைத்து, அழுதுகொண்டே அத்தனை பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். நிக்காசியா ஜெபமாலையைத் தொடங்கினாள். பத்து மணிகள் உருண்டதும் அவள் இறந்தவர் பெயரைச் சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அப்படி ஐந்து முறை. முதல் முறை சொன்னதும், வாசற்படியில் உட்கார்ந்திருந்த தொரிபியோவின் பாதங்கள் தெரியாமல் போயின. நான்காம் முறை இடுப்பு வரை போனது. "விடு புள்ள, வலிக்கல," என்றான் மனைவியிடம். மலை காய்த்தால் என்ன, கருகினால் என்ன, லியோகாதியாவுக்கு அவன் வேண்டும்.

ஐந்தாம் முறை நிக்காசியா பெயரைச் சொல்ல மூச்சிழுத்த நேரத்தில், லியோகாதியா முந்திக்கொண்டு, தன் பெயரையே "லியோகாதியா!" என்று கத்தினாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லியே பழகிய தொண்ணூறு வாய்களும் அதையே சொல்லின. சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. முற்றத்தில் அவள் நின்ற இடத்தில் அவள் நிழல் விழாமல் தரையெல்லாம் வெயிலாக இருந்தது. தொரிபியோவின் இடுப்பும் கால்களும் மெதுவாகத் திரும்பி வந்தன.

"அவனுக்கு ஒம்பது நாள் இருக்கு, ஆண்டு முடியல. உனக்கு ஆண்டு முடிஞ்சிருக்கு, ஒம்பது நாள் இல்ல. ரெண்டும் அரைகுறை. இனி உங்கள எங்கயும் அனுப்ப என்னால ஆகாது," என்று சொல்லி நிக்காசியா மாலையைச் சுருட்டினாள்.

அடுத்த பருவம், அவன் போகாமலே, காபி காய்த்தது. பிறகு நான்கு பாதிரியார்கள் மாறினார்கள், தார்ச் சாலை வந்தது, நிக்காசியாவும் அவள் பேரப்பிள்ளைகளும் வயதாகிக் கல்லறைக்குப் போனார்கள். தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து வந்த மக்கள்தொகைக் கணக்குக்காரர் இந்த இருவரையும் எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல் காபி குடித்துவிட்டுப் போனார். அதே வயதில் இன்னும் சந்தைக்கு வருகிறார்கள், வாழைக்காய்க்குப் பேரம் பேசுகிறார்கள். கல்லறைத் திருநாள் மாலையில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி வைக்கும்போது அவர்களுக்கும் இரண்டு வைப்போம். அவற்றை அவர்களே வந்து ஏற்றிக்கொள்வார்கள். மலைக்காற்றில் அவனுடையது மட்டும் அணைந்துவிடும். "இந்த மனுசனோட ஒரே ரோதனை," என்று லியோகாதியா தன்னுடையதைச் சாய்த்து அதைப் பற்றவைப்பாள்.