பால்காரர் சொன்ன இங்கிலீஷ்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவரை எல்லாரும் கைகாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையும் அதுதான். கிரேன் டிரைவரின் கூண்டிலிருந்து பார்த்தால் முன்னால் நிற்கும் சுவர் மறைக்கும். சுமை எங்கே இறங்குகிறது, கீழே யார் நிற்கிறார்கள், ஒன்றும் தெரியாது. சுவர் மூலையில் நிற்கும் இவருடைய கை மட்டும் தெரியும். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல ஆட்டினால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. பதினொரு வருஷமாக டிரைவர் அந்தக் கை சொன்னதைக் கேட்டுத்தான் வேலை பார்த்தார். "என் பொண்டாட்டி பேச்சைக்கூட நான் இப்படிக் கேட்டதில்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் புதிதாக ஒரு என்ஜினியர் வந்தார். சின்ன வயது, நல்ல குணம். ஒருவரையும் வாடா போடா என்று பேசமாட்டார். மூத்தவர்களை அண்ணே என்பார். என்ன, கொஞ்சம் வேகம் வந்துவிட்டால் வாயில் இங்கிலீஷ்தான் வரும். காலை ஏழரைக்கு எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஹெல்மெட், கையுறை, பெல்ட் எல்லாம் சரிபார்ப்பார். முடித்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கீப் யுவர் ஐ ஆன் தி பால்!" என்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

கம்பி கட்டுகிறவர்களில் வாய்த்துடுக்கானவர் ஒருவர் உண்டு. முடிச்சு என்று பெயர். அவர் போட்ட கம்பி முடிச்சை அவரே நினைத்தாலும் அவிழ்க்க முடியாது என்பதால் வந்த பெயர். கைகாட்டியைவிட நாலைந்து வயது மூத்தவர். "என்னப்பா இவரு, தினமும் பாலு பாலுங்கிறாரு, ஒரு டம்ளர் ஊத்தின பாட்டைக் காணோம்" என்றார் முடிச்சு. என்ஜினியருக்கு அன்றைக்கே பால்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

கைகாட்டிக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் வீட்டில் தெரிந்தவர் இருந்தார். அவர் மனைவி பெரிய தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவர். பள்ளிக்கூட வாத்தியார்கள் கொண்டுவரும் கேள்வித்தாள்களையும் இங்கிலீஷ் சொற்றொடர்களுக்கு அர்த்தம் போட்ட தாள்களையும் வருஷக்கணக்காக அடித்து அடித்து, பாதி அவருக்கு மனப்பாடம். ஒரு சாயங்காலம் கைகாட்டி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டார்.

"பால் மேல கண்ணை வைங்கிறாரும்மா அந்த ஆளு. எந்தப் பாலு?"

மனைவி சிரித்துவிட்டார். "அந்தப் பாலு இல்லங்க. பால்னா பந்து. பந்து விளையாடுறவன் பந்தை விட்டுட்டு வேற எங்கயாவது பாத்தா என்ன ஆகும்? அதான். செய்யுற வேலையில கவனமா இரு, கண்ணு அங்க இங்க போகக் கூடாதுன்னு அர்த்தம். பந்தையே பாக்கணும்னு இல்ல. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகிட்டக்கூடச் சொல்லலாம், கணக்கு எழுதுறவங்ககிட்டயும் சொல்லலாம்."

"கை காட்டுறவன்கிட்ட?"

"உங்ககிட்ட கட்டாயம் சொல்லணும்."

அப்போது அடுப்பில் பால் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. கைகாட்டி பாய்ந்து தீயைக் குறைத்து, "கீப் யுவர் ஐ ஆன் தி பால்!" என்றார். அதன்பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் இதே பேச்சுதான். அவர் சட்டைக்குப் பித்தான் தைக்கும்போது மனைவி சொல்வார். மனைவி சில்லறையை மறந்துவிட்டுக் கடையிலிருந்து திரும்பும்போது இவர் சொல்வார். முதல் முறையாக ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம் வாயில் வந்த சந்தோஷம் அவருக்கு. வேலை இடத்தில் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. முடிச்சின் கேலிக்கு யார் ஆளாவது?

விபத்து ஒரு வியாழக்கிழமை நடந்தது. மணி பதினொன்று இருக்கும். கம்பிக் கட்டு ஒன்று மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற இடத்தில் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டுவிட்டு ஒதுங்குவது முடிச்சின் வேலை. கட்டைமேல் இறக்கினால்தான் சுமையைத் தூக்க அடியில் மாட்டிய பட்டையை உருவ முடியும். அவர் இரண்டையும் போட்டார், ஒதுங்கினார். கைகாட்டி கையைக் கவிழ்த்து ஆட்டத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் அவர் கண் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போனது. எதிரே இருந்த கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே, ஒரு சாண் அகலமுள்ள விளிம்பில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை ஜன்னல் சட்டத்தில். மறு கையில் துணி. எட்டாத மூலையைத் துடைக்க ஒரு காலைத் தூக்கினாள். கைகாட்டி கண்ணை எடுக்கவில்லை. உள்ளே போம்மா, உள்ளே போம்மா என்று மனசுக்குள் சொன்னார். அவள் காலைக் கீழே வைத்தாள், துணியைப் பிழிந்தாள், ஜன்னலுக்குள் இறங்கிப் போனாள். அதுவரை இவர் கை மட்டும் பழக்கத்தில் இறக்கு, இறக்கு என்று ஆடிக்கொண்டே இருந்தது.

ஒரு கட்டை புரண்டிருந்தது. முடிச்சு அதைக் காலால் சரிசெய்யத் திரும்பி வந்திருந்தார்.

அலறல் கேட்டுத்தான் கைகாட்டி முஷ்டியை மூடினார். அதற்குள் கம்பிக் கட்டு முழுப் பாரத்தோடு முடிச்சின் இடது கால்மேல் உட்கார்ந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் போனபிறகு கைகாட்டி சிமெண்ட் மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கூண்டிலிருந்து இறங்கி வந்து எதிரே குந்தினார். கொக்கிக்கு மேலே கயிற்றில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். கயிறு காற்றில் அலையாமல் இருப்பதற்கான பாரம் அது. ஆட்கள் அதைக் குண்டு என்பார்கள். டிரைவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, அந்தப் பால்காரரு தினமும் பாலைப் பாரு, பாலைப் பாருன்னு கத்துறாரே. நீ அந்தக் குண்டைப் பாத்துக்கிட்டா நின்ன? கிரேன் கம்பெனி புத்தகத்துலகூட அதுக்கு பால்னுதான் போட்டிருக்கான்."

கைகாட்டி ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது. எதிர் மாடி, ஜன்னல், துணி என்று சொல்ல அப்போது வாய் எழவில்லை. தலை ஆடிவிட்டது. டிரைவர் அதை மேஸ்திரியிடம் சொன்னார், மேஸ்திரி மேனேஜரிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை, சைட் ஆபீசாக இருந்த தகர அறையில் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஓரத்து நாற்காலியில் என்ஜினியர்.

"சுமை இறங்கும்போது நீங்க எதைப் பாத்துட்டு இருந்தீங்க?"

"பாலை, சார்."

"எந்தப் பால்?"

"கொக்கிக்கு மேல இருக்கே, குண்டு. அதைப் பாக்கச் சொல்லித்தான் என்ஜினியர் சார் தினமும் சொல்வாரு."

"கீழே ஆள் இருக்கானான்னு பாக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா அவரு சொல்றப்போ..." என்று இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதை அவர்கள் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என்ஜினியர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "அது ஒரு பேச்சு வழக்கு சார். கவனமா இருங்கன்னு அர்த்தம். நான் குண்டைச் சொல்லல. ஆனா..." அவர் ஜன்னல் வழியே கிரேனைப் பார்த்தார். "ஆனா இவங்களுக்குப் புரியுமான்னு நான் ஒரு நாளும் யோசிக்கல. புரிஞ்சுதான்னு கேக்கவும் இல்ல. தப்பு என்னோடதுதான்."

அவர் அப்படி ஒத்துக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போவதற்கு முன் வாசல் கேட் அருகே கைகாட்டியைத் தேடி வந்தார். தோளில் பை. கையில் ஹெல்மெட் இல்லாததால் இன்னும் சின்னப் பையனாகத் தெரிந்தார்.

"உங்களுக்குப் புரியிற மாதிரி நான் சொல்லியிருக்கணும்ணே. ரெண்டு வார்த்தை நம்ம பாஷையில சொல்லியிருந்தா அவரு கால் போயிருக்காது. மன்னிச்சிடுங்க."

கைகாட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கைகாட்டி அந்தக் கையை வெகுநேரம் பேண்டில் துடைத்துக்கொண்டே நின்றார்.

விசாரணையில் என்ன நடந்தது என்று டிரைவரின் மனைவி ஜெராக்ஸ் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை கைகாட்டி வீடு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அர்த்தம் தெரியாதுன்னு சொன்னீங்களாமே."

இவர் செருப்பைக் கழற்றினார்.

"நான்தானே சொல்லிக் கொடுத்தேன்? ஒரு வாரம் வீடு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சோமே. நிஜமா எதைப் பாத்தீங்க?"

அவர் சொன்னார். எதிர் மாடியை, விளிம்பை, தூக்கிய காலை. சொல்லி முடிக்கும்வரை மனைவி மடித்த சட்டையை மடியிலேயே வைத்திருந்தார்.

"விழுந்துட்டாளா?"

"இல்ல. உள்ள போயிட்டா."

மனைவி சட்டையைக் கீழே வைத்தார். "இதைச் சொல்லியிருந்தா யாராவது உங்களைக் கொன்னா போட்டிருப்பாங்க?" என்றார். பிறகு, "முதல்ல அவர்கிட்ட போங்க. காலை இழந்தவர் அவர்தான். அவர்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் ஆபீசுக்குப் போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எட்டு கட்டில் உள்ள அறை. முடிச்சு ஓரத்துக் கட்டிலில் இருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. கைகாட்டியைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காருப்பா. உன் முகத்தைப் பாத்தா கால் போனது எனக்கா உனக்கான்னு சந்தேகம் வருது. நீ என்ன பண்ணுவ? சொன்னவன் ஒழுங்கா சொல்லல. பால்காரன் ஊத்தினது தண்ணிப் பாலு."

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கைகாட்டி ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டார். தனக்கு அர்த்தம் தெரியும் என்பதை, குண்டைப் பார்க்கவில்லை என்பதை, ஜன்னலில் நின்ற பெண்ணை, எல்லாவற்றையும். நாளைக்கே ஆபீசில் போய்ச் சொல்லிவிடப்போவதாகவும் சொன்னார்.

முடிச்சு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அடுத்த கட்டில்காரருக்கு நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனார்.

"சொல்லாதே" என்றார் கடைசியில். குரலில் கேலி இல்லை. "என்ஜினியர் தப்புன்னா அது கம்பெனி தப்பு. கேட்ல உக்காந்து பாத்துக்கிற வேலை தர்றேன்னு நேத்துதான் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. உன் தப்புன்னு ஆனா, ரெண்டு கூலிக்காரனுங்க அஜாக்கிரதைன்னு ஃபைலை மூடிடுவான். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"பாவம்ணே, அந்தப் பையன்..."

"அவன் படிச்சவன். எங்கயாவது பொழைச்சுக்குவான். நான் எங்க போவேன்?" முடிச்சு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "எவளோ ஒருத்தி விழுந்துருவாளோன்னு உனக்குப் பதறிச்சு. பக்கத்துல இருந்த என்னைத் தெரியல. போப்பா. இனிமே இங்க வராத."

கைகாட்டி வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே சொன்னார். மனைவி கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆபீசுக்குப் போங்கள் என்று அதன்பிறகு சொல்லவில்லை. என்ஜினியரின் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி அலமாரியில் வைத்திருந்தார். கைகாட்டி இரண்டு முறை அதை எடுத்துப் பார்த்தார். இரண்டாம் முறை போனும் போட்டார். "சொல்லுங்கண்ணே, அவரு எப்படி இருக்காரு?" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டதும், "நல்லா இருக்காரு சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சுவர் மூலையில் நின்று கை காட்டும் வேலையை அவர் மறுபடி செய்யவில்லை. மணல் சலிக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டார். கைகாட்டி என்ற பெயர் மட்டும் போகவில்லை.

ஐந்து மாதம் கழித்து முடிச்சு வாசல் கேட் பக்கத்து அறையில் உட்கார வந்தார். சுவரில் சாய்த்துவைத்த ஊன்றுகோல், முன்னால் ஒரு பெரிய நோட்டு. வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டு ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுக்க வேண்டும். பழைய ஆட்களைப் பார்த்து அதே வாய்த்துடுக்கு, அதே கேலி. வரிசை சிரித்துக்கொண்டே நகரும். கைகாட்டியின் முறை வரும்போது மட்டும் முடிச்சு பேச்சை நிறுத்திவிடுவார். பெயரைக் கேட்காமலே எழுதி, நிமிர்ந்து பார்க்காமலே கையுறையை மேசைமேல் தள்ளிவைப்பார். கைகாட்டி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.