இடது கைப் பக்க சன்னல்

ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்து ஜமுனாவுக்கு நாற்பத்தி நாலு வயதில் விமானத்தில் ஏறும் வேளை வந்தது. விசாகப்பட்டினத்தில் கடலோரப் பெண்களின் கூட்டம். மழைக்குப் பிறகு பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டு, படகுகள் தரைதட்டி நிற்பதைப் பற்றி அவள் அங்கே பேச வேண்டும். டிக்கெட்டைக் கூட்டம் நடத்துபவர்களே அனுப்பிவிட்டார்கள். எங்கே உட்காருவது என்பதை மட்டும் செல்போனில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

மகள் அர்ச்சனா திரையில் கட்டங்களைக் காட்டினாள்.

“வலது பக்கம் எடும்மா. ஃபுல்லா கடல் தெரியும்.”

“கடலத்தான் தெனம் பாக்குறனே. எனக்கு நம்ம ஏரி தெரியணும். மேலேர்ந்து எப்பிடி கீதுன்னு ஒரு தபா பாத்துடணும்.”

“ஏரி எந்தப் பக்கம் வரும்னு யாருக்குத் தெரியும்?”

ஜமுனாவின் புருஷன் முத்துராஜ் பக்கத்தில்தான் இருந்தான். மூன்று நாள் கழித்து, ஏரியிலிருந்து வந்து ஈரக்காலோடு வாசலில் நின்றபடி மகளைக் கூப்பிட்டான்.

“அம்மா போற அந்தக் காலைல பிளேன் கரைக்கு வெளிய, கடல் மேலயே வடக்கால போவுது. மூணு நாளும் அப்பிடித்தான். ஏரி இடது கைப் பக்கம் வரும். வெயிலும் மூஞ்சில அடிக்காது. றெக்கை மறைக்காத எடமா பாத்துப் போடு.”

“மூணு நாளா இதுக்காய்யா அண்ணாந்து பாத்துனு இருந்த?” என்று ஜமுனா சிரித்தாள். அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

அர்ச்சனா இடது பக்கம், முன்வரிசைகளில் ஒரு சன்னலோரத்தை எடுத்தாள்.

விமானம் எழும்பியபோது ஜமுனா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் கீழே மேகம். போச்சு என்று நினைத்தாள். சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு காத்திருந்தாள். மேகம் கிழிந்த இடத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தின் கல்சுவர்கள் கடலுக்குள் நீண்டு கிடந்தன. அதை வைத்து ஊரைப் பிடித்தாள். பழவேற்காடு, பாலம், பிறகு தண்ணீருக்கு நடுவில் கொத்தமல்லிக் கட்டைப் போட்டதுபோல் ஒரு பச்சைத் திட்டு. பசியாவரம்! ஏரி இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. வடக்கே அது முடியவே இல்லை.

முகத்துவாரத்தில் மணல் வெளுப்பாகப் பரந்திருந்தது. அதன் வடகரையை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு ஏரியிலிருந்து வளைந்து கடல்வரை அறுபடாமல் போனது. கறுப்பாகத் தெரிந்தால் அங்கே ஆழம். படகில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே கலங்கல்தான். ஜமுனா நாலு போட்டோ எடுத்தாள்.

விசாகப்பட்டினத்தில் இறங்கியதும் அவற்றை அனுப்பிவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

“வடகரை ஓரமா பாருய்யா. ஆழம் கீது.”

“அங்க எவனும் போறதில்லயே. முன்ன அது மேடு.”

“இப்ப மேடு இல்ல. போய்ப் பாரு.”

மறுநாள் காலை, கூட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன் போன் அடித்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே முத்துராஜ் கத்தினான்.

“கழி வச்சுப் பாத்தோம், மாருக்கு மேல தண்ணி! கோதண்டம் படகு, நம்ம படகு, ரெண்டும் எறங்கித் தள்ளாமயே கடலுக்கு வந்துட்ச்சு!”

“எத்தினி நாளிக்குத் தாங்கும்?”

“அடுத்த காத்து வந்து மணலத் தள்ளுற வரைக்கும். அதுக்குள்ள தூர்வாரச் சொல்லிக் கேளு. எந்த எடத்துலன்னு இப்ப நம்மளால காட்ட முடியும்ல?”

மேடையிலிருந்து பெயர் கேட்டது. ஜமுனா, எழுதி வைத்திருந்த தாளைப் பைக்குள் மடித்து வைத்தாள். போட்டோவைத் திரையில் பெரிதாகப் போட முடியுமா என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டே மேடையேறினாள்.