முழங்காலளவு ஓடை

கடவுளின் அருளால் சுவீடனுக்கு அரசரான ஆஸ்முண்டின் ஆணைக்கு வடகடலின் அலையும் பணியும் என்று தலைநகரில் முரசறைந்திருந்தார்கள். முழங்காலளவு ஓடை ஒன்றைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை.

தாண்டக்கூடாது. புது அரசர் மாகாணம் மாகாணமாகப் போய் மக்களின் சம்மதம் வாங்க வேண்டும். எல்லையான இந்த ஓடைக்கு, அவருடைய பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர்ப் பிணையாட்கள் வந்து அழைத்துப் போகும்வரை உள்ளே கால் வைக்கக்கூடாது. வைத்தவனை அரசனாக ஏற்கமாட்டார்கள். இந்த மாகாணம் கைவிரித்தால், மகுடத்துக்கு ஏங்கிக் கிடக்கும் அத்தை மகனுக்குக் கொண்டாட்டம்.

வெயில் நன்றாக அடித்ததால் ஊரே புல் அறுக்கப் போயிருந்தது. பரிவாரமும் கரைந்துவிட்டது. பிஷப்புக்கு வயிறு சரியில்லை. உணவு தேடிப் போன தளபதி, உணவைக் கண்டுபிடித்துவிட்டார் போலும், திரும்பவில்லை. மிஞ்சிய குதிரையும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அக்கரையில் மாடு மேய்க்கும் குன்வோர் அடுப்பு மூட்டியிருந்தாள்.

"என்ன ராசா, இன்னும் யாரும் வரலியா?"

"வருவாங்க."

"புல்லு காயட்டும், வருவாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

விருந்துக்கு அழைக்க ஆயிரம் பேர் உண்டு. சாப்பிட்டீர்களா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அரசர் இருபுறமும் பார்த்தார். கல்லுக்குக் கல் தாவினார். இடது கால் மட்டும் வழுக்கி நீரில் இறங்கியது.

குன்வோர் காலணியைக் கழற்றச் சொல்லி அடுப்பருகே வைத்தாள். பார்லி ரொட்டியும் தயிரும் கொடுத்தாள்.

"என்கூடச் சதுரங்கம் ஆடறவங்க எல்லாரும் வேணும்னே தோத்துடறாங்க" என்றார் அரசர், வாயில் ரொட்டியோடு.

"அடப் பாவமே. நானா இருந்தா ஜெயிச்சிருப்பேன்."

அவருக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் ஊர்ப்பெரியவர் தோர்கில்ஸ், தலைமுடியெல்லாம் புல்லோடு, பிணையாட்களை அழைத்துக்கொண்டு வந்தார்.

"குன்வோர், யாரு அது உன் அடுப்புக்கிட்ட?"

"ராசாதான். பசின்னாரு."

தோர்கில்ஸ் பெருமூச்சு விட்டார். இன்னொரு அரசருக்காக இன்னொரு நாள் அறுவடையை விட அவருக்கு மனமில்லை. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கடா. நாங்க எதையும் பாக்கல ராசா. திரும்பறப்ப நீங்க அக்கரையில இருக்கணும், அவ்வளவுதான்."

அரசர் ஓடினார்.

எல்லோரும் திரும்பினார்கள். எதிர்க்கரையில் மகுடத்தோடு, தன்னந்தனியாக, குதிரைமேல் கம்பீரமாக ஒருவர். "மாமன்னர் வாழ்க!" என்று கத்திவிட்டு அழைத்துப் போனார்கள். குன்வோர் மாடுகளை ஓட்டப் போய்விட்டாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தும் கண்ணில் படவில்லை.

அவருடைய இடது காலணி அவளுடைய அடுப்பருகே இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.