மாடி வீட்டுக்குக் குடிபோன பற்கள்

"உன் எலுமிச்சம்பழத்தாலதான் என் பல்லெல்லாம் மாடி வீட்டுக்குக் குடிபோச்சு."

என் வீட்டுக்காரர் சிவதாணு சொன்னது இதுதான், ஒரு சொல் மாறாமல். வாயில் பல் இல்லாததால் பாதி காற்றாக வந்தது.

பழம் வாங்கியது நான்தான். குடிக்கச் சொன்னதும் நான்தான். கிட்னியில் கல் வந்து மனுஷன் புழுவாகத் துடித்தார். மறுபடி கல் சேராமலிருக்க எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம் என்று டாக்டரே சொன்னார். குடிக்கத்தான் சொன்னார். பிழிந்த மூடியால் நான் குத்துவிளக்கு துலக்குவதைப் பார்த்து, "விளக்கு என்னமா மின்னுது" என்று அதே மூடியால் தினமும் பல்லைத் தேய்த்தது யார்? புளிப்பு பல்லை அரிக்கும் என்பதற்கு, முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் காட்டினார்கள் எங்கள் கான்வென்டில். இவர் பள்ளியில் முட்டையைச் சாப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மகள் உமையாளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியதும் இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மெல்ல வேண்டும். மெல்லாதவர் கொடுத்த வாக்கு செல்லாது. மாப்பிள்ளை வீட்டு வழக்கம் அப்படி. உமையாள் அழுது அழுது மூக்கு சிவந்து கிடந்தாள். சனிக்கிழமை காலை நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடியேறினேன்.

மாடியில் இருக்கும் ஜெபமணி டீச்சர் வீட்டில் புளிப்பே சேர்ப்பதில்லை. அவருடைய சோபாவில் பற்கள் வரிசையாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தன.

"முழுங்கிட்டுப் பேசுங்க" என்றேன்.

முழுங்கின. கடைவாய்ப்பல் ஒன்று எழுந்தது. "அண்ணன் எங்களைக் கூசவச்சே கொல்லுதாரு, மதினி. அந்த மூடி இனி அவரு கையில இருக்கக் கூடாது. காலையில எலுமிச்சைத் தண்ணியும் கிடையாது."

"மத்தியானம் கீரையில நாலு சொட்டு பிழிஞ்சாத்தான் அதுல உள்ள இரும்புச்சத்து உடம்புல சேரும். அதுக்கும் முறைப்பீங்களா?"

தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டன. "சாப்பாட்டோடன்னா சரி. ஆனா உடனே வாய் கொப்பளிக்கணும். கையோட பிரஷ்ஷைத் தூக்கிட்டு வந்து எங்களைத் தேய்க்கக் கூடாது."

"சரி, கிளம்புங்க. மத்த பேச்சு கீழே போய்."

டீச்சர் மிச்ச முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொடுத்தார். பற்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். சிவதாணு வாயைத் திறந்தார். அதது அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. முன்வரிசைக்கு இரண்டு அடித்துக்கொண்டன, ஓர் அதட்டலில் அடங்கின. அவர் ஒரு கொட்டைப்பாக்கைக் கடித்தார். உடைந்தது. உமையாள் முகம் கழுவப் போனாள்.

அவருடைய இடது கிட்னி துணிப்பையோடு கூடத்துக்கு வந்து நின்றது.

"காலைச் சாறு கிடையாதுன்னு என்னை ஒரு வார்த்தை கேக்காம பேசி முடிச்சிட்டிய. கல்லு வந்தா சுமக்கப்போறது பல்லா? நான் போறேன்."

"போயேன். இன்னொண்ணு இருக்குல்லா" என்றேன்.

வெற்றிலை மெல்லக் கிட்னி எதற்கு? கதவைச் சாத்திவிட்டு, நாளைய தாம்பூலத்துக்குப் பாக்கு வெட்ட உட்கார்ந்தேன். சிவதாணு கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து குரல் வந்தது.

"மதினி, லிஃப்ட் பட்டன் எனக்கு எட்டலை. யாராவது வந்து கொஞ்சம் அமுக்குங்களேன்."