சீமாட்டியின் குதிக்கால்

கணேசலிங்கம் தன் புதுக் கதையை வாசித்துக்கொண்டே இரண்டாம் பக்கத்தைப் புரட்டியபோதுதான், அதில் வரும் மியூசியக் காவல்காரி தானேதான் என்பது ஜொய்சிக்கு உறைத்தது. கையில் பொரித்த பற்றிஸ் தட்டு. எட்டு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் இந்த இலக்கியக் கூட்டம் பியர்பொன்ட்ஸ் புறநகரில் அவள் வீட்டு ஹோலில்தான் நடக்கிறது. புருசன் அல்பேட்தான் ஆட்களைக் கூப்பிட்டுக் கூட்டத்தை நடத்துகிறவர். வருவார்கள், வாசிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், பற்றிஸை ஒரு கை பார்ப்பார்கள். ஜொய்சிக்குக் குசினி வாசல். அங்கே நின்றபடியே எத்தனையோ கதை கேட்டுவிட்டாள். எது நல்லது, எது அண்டப்புளுகு என்று அவளிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டவுன்டவுன் மியூசியத்திலும் நிற்கத்தான் சம்பளம். மூன்று வருடமாக அவளுக்கு எதிரே ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி நீலப் பட்டுடுத்துக் கதிரையில் சாய்ந்திருக்கிறாள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய படம். அந்தக் காலத்துப் பெரிய எழுத்தாளர்களெல்லாம் புதன்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வந்து வாசித்துக்காட்டி, அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வழிகாட்டி ஒவ்வொரு தரமும் இதைச் சொல்லுவார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி யார் ஊற்றியிருப்பார் என்று யோசித்து யோசித்து, நாலாம் மாதம் ஜொய்சியின் கண் பாவாடையின் விளிம்புக்கு வந்து சேர்ந்தது. இடது சப்பாத்து குதிக்காலை விட்டுக் கழன்றிருந்தது. பட்டுடுத்து என்ன, மனுசிக்குக் கால் நொந்திருக்கிறது. ஜொய்சிக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். அல்பேட் அதைக் கணேசலிங்கத்திடம் சொல்லியிருக்கிறார், சப்பாத்துச் சங்கதியை மட்டும் விட்டுவிட்டு.

கதையிலே காவல்காரி படத்தின் முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த நீலப் பட்டில் தன் ஊர் மட்டக்களப்பு வாவியைக் கண்டாளாம். வாசித்து முடிந்ததும் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

"அந்த அழுகை ஒண்டு காணும் அண்ணை," என்றாள் வினோஜா. அவள் கூட்டத்தின் சஞ்சிகைக்குப் பொறுப்பு. "அடுத்த இதழிலயே போடுவம்."

ஜொய்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் கடுக்க நின்றது அவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், நாளைக்கு அந்த அழுமூஞ்சிதான் ஜொய்சி என்று அச்சில் வந்துவிடும். குசினியில் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கூவத் தொடங்கியது. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் காலியாயிருந்த கை வைத்த கதிரையில் போய் இருந்தாள்.

"அவ அழல்ல அண்ணன்."

கணேசலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் தங்கச்சி?"

"உங்கட காவல்காரி. மூணு வருசமா நிக்கிறன். ஒருநாளும் அழல்ல. வாவியும் தெரியல்ல."

"ஜொய்சி, கேத்தில்..." என்றார் அல்பேட், தாழ்ந்த குரலில்.

கணேசலிங்கம் தாளை மடியில் வைத்தார். முகம் கறுத்துத்தான் போயிருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"அப்ப அவ அதில என்னத்தைப் பாத்தவ?"

எட்டு வருடத்தில் ஒரு கதையைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"சொல்றன். முதல்ல ஆராவது போய் அந்தக் கேத்தில நிப்பாட்டுங்க."

யாரும் அசையவில்லை. அல்பேட் வினோஜாவைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். கடைசியில் அல்பேட்டே எழும்பிக் குசினிக்குப் போனார். கூவல் அடங்கும்வரை ஜொய்சி கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து, இடது செருப்பிலிருந்து குதிக்காலை மெல்ல வெளியே எடுத்தாள்.