வகுப்புக்கு எடுத்த பக்கங்கள்

பதிப்பகத்தில் பதிப்புரிமைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் மேசைக்கு ஒரு கல்லூரியின் மேல் புகார் வந்தது. அவன் மனைவி பாடம் நடத்தும் கல்லூரி அது. பதிப்பகத்தின் மண்ணியல் நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை யாரோ நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். யாரோ என்ன, அவள்தான். அந்த நகல்களை அடுக்கிப் பின் அடித்துக் கொடுத்ததே இவன்தான்.

மேலாளர் முன்னால் போய் நின்றான்.

"சார், பாடம் நடத்த எடுத்துக்கிட்டா சட்டமே விலக்கு குடுக்குது. நோட்டீஸ் அனுப்பினா நிக்காது."

"நிக்கணும்னு யாருய்யா சொன்னா? பயந்தா போதும்."

"எடுத்தது என் வீட்டுக்காரி சார்."

"அப்ப வேலை சுலபம். வீட்லயே சொல்லிடு."

சாயங்காலம் சொன்னான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடினாள்.

"அந்தப் புத்தகத்த உங்க ஆளுங்க அச்சடிக்கறதையே நிறுத்திட்டாங்க. நூலகத்துல ஒண்ணே ஒண்ணு, அதுவும் முதுகு பிஞ்சு கிடக்கு. பிள்ளைங்க எதப் படிக்கும்?"

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அனுப்புங்க. பதில் நான் எழுதிக்கறேன்."

"கோவமா?"

"கோவப்படக்கூடத் தெம்பு இல்லீங்க."

அனுப்பினான். அவள் சட்டப்பிரிவைக் காட்டிப் பதில் எழுதிக் கல்லூரி முதல்வரிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா நமக்கு எதுக்கு வம்பு?"

நகல்களைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் அடிக்கோடு போட்ட தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அவள் நூலகப் பிரதியை எடுத்துப்போய், மண் அடுக்குகளைக் கரும்பலகையில் வரைந்து, வரிவரியாக வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு வகுப்புக்கும் அதே வாசிப்பு. வார முடிவில் தொண்டை கட்டிக்கொண்டது.

"பாத்தியா, ஒரே கடுதாசி!" என்று மேலாளர் அவன் தோளைத் தட்டினார். அடுத்த புகார் ஒரு தொடக்கப்பள்ளியின் மேல். அவன் அதை அவர் பக்கமே நகர்த்தினான்.

"இதுல நீங்களே கையெழுத்துப் போட்டுக்குங்க சார்."

மேலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை நல்லதுக்கில்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் வாசிக்கணுமா?"

"இன்னும் பாதி கிடக்கு." குரல் காற்றாக வந்தது.

"புத்தகத்தக் குடு. நான் போன்ல வாசிச்சுப் பதிவு பண்றேன். வகுப்புல போட்டுடு."

"அதுவும் நகல்தான்னு உங்காளுங்க வருவாங்க."

"வரட்டும்."

அவன் வாசிக்க ஆரம்பித்தான். கனிமங்களின் பெயர்களில் தடுக்கி விழுந்தபோதெல்லாம் உதட்டை அசைத்துத் திருத்தினாள். சிறிது நேரத்தில் திருத்தம் வரவில்லை. நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தெரிந்த மாதிரி உச்சரித்தபடி, அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.